டாக்டரின் கட்டுரையும் அஞ்சலை அக்காவின் டப்பியும்

ஆராய்ச்சி வேலை என்றால் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும் என்று நினைப்பீர்கள்; எனக்கு அது அடுத்தவர் மலத்தைச் சுமக்கிற வேலை.

எழுபதுகளில் ஈப்போவில் குடற்புழு ஆராய்ச்சிக்கென்று ஒரு சின்னப் பிரிவு இருந்தது. ஒரு டாக்டர், டைப் அடிக்க ரோசி, எடுபிடிக்கு நான். இருந்த ரப்பர்த் தோட்டத்தை முதலாளி விற்றுவிட்டதால் பால்வெட்டு வேலை போய், ஈப்போ சிலிபினுக்குக் குடிவந்து, அலையாய் அலைந்து கிடைத்த வேலை அது. டாக்டர் வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகைகளில் கட்டுரை எழுத வேண்டும். அதைப் படித்த மற்ற டாக்டர்கள் தங்கள் கட்டுரையில் இவர் பேரைச் சொல்ல வேண்டும். எத்தனை எழுதினார், எத்தனை பேர் எடுத்துச் சொன்னார்கள் என்று கோலாலம்பூர் பெரிய ஆபீசு வருடா வருடம் கேட்கும். குறைந்தால் பிரிவையே மூடிவிடுவார்கள். நான் மறுபடி பால்வாளி தேடிப் போகணும். பெரியவர்களுக்குக் கீழே சின்ன வேலை பார்த்தவர்களே, என் கவலை உங்களுக்குப் புரியும்.

மண்டோர் கொடுத்தது

சித்தியவான் பக்கம் ஒரு தோட்டம். சாயங்காலம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வீடு வீடாகப் போய், ஆளுக்கொரு தகர டப்பி, பேர் ஒட்டிக் கொடுப்பேன். மறுநாள் காலை நிரப்பி வைத்திருக்கணும். கொடுக்கும்போது சிரிப்பார்கள், வாங்கப் போனால் ஒளிந்துகொள்வார்கள். வெட்கப்படாதவர் ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஒருவர்தான். டப்பியைத் தாம்பூலத் தட்டு மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார்.

"இந்தத் தோட்டத்துக்கு எல்லாத்தையும் குடுத்துட்டேம்பா. இது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு."

பஸ்ஸில்

ஒரு நாள் வேன் படுத்துவிட்டது. டப்பிக் கூடையைத் துணி போட்டு மூடி பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் லூமுட்டிலிருந்து கருவாட்டு மூட்டையோடு ஒருவர். வெயில் ஏற ஏற, சனமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரைத் திட்ட ஆரம்பித்தது. நான் ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரம் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த மனுசன் மூட்டையை மோந்தார், என் கூடையைப் பார்த்தார், மறுபடி மூட்டையை மோந்தார்.

"அண்ணே, சத்தியமா சொல்றேன், என் கருவாடு இப்படி நாறாது லா!"

ஒரே வயிறு

அந்தத் தோட்டத்து டப்பிகளைச் சோதித்த டாக்டர் துள்ளிக் குதித்தார். ஒரு லயத்தில் மட்டும் அத்தனை பேருக்கும் ஒரே புழு, ஒரே அளவு. கிழவருக்கும் கைக்குழந்தைக்கும் வித்தியாசமே இல்லை. எந்த நாட்டிலும் பார்க்காத அதிசயம் என்று கட்டுரை எழுதினார், வெளிநாட்டில் அச்சானது. பிரதி கேட்டு எங்கெங்கிருந்தோ தபால் அட்டைகள் வந்தன. தபால்தலை ஒட்டி ஒட்டி என் நாக்கு வறண்டுபோனது. ரோசி ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"நாக்கு போனா போவுது அண்ணே, இனிமே வேலை போவாது லா."

பாவப்பட்டவள்

அந்த அதிசய லயத்தை நேரில் பார்க்க டாக்டரே வந்தார். எல்லோரும் வேலைக்காட்டில். ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அஞ்சலை அக்கா மட்டும் இருந்தாள். டப்பியெல்லாம் ஒழுங்காக வந்ததே என்று டாக்டர் பாராட்டினார். அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"இருட்டோட பேர் குடுக்கப் பெரட்டுக்கு ஓடுற சனம் டாக்டர். இருக்கிற ஒரு கக்கூசும் கதவில்லாம கெடக்கு. எங்க போயி நெரப்புங்க? பாவம்னு எல்லார் டப்பியிலயும் நானே என்னுதைப் போட்டுட்டேன்."

தப்புக்கு மார்க்கு

மறுநாள், கட்டுரை தப்பு என்று அதே பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்தார். "வெளிய யாருக்குத் தெரியும் டாக்டர்?" என்று ரோசி கெஞ்சினாள். "எனக்குத் தெரியுதே," என்றார். ரோசி கண்ணைத் துடைத்துக்கொண்டு டைப் அடித்தாள். நான் வீட்டில் பரணில் கிடந்த பால்வெட்டுக் கத்தியை எடுத்துத் தீட்டி வைத்தேன்.

மூடும் உத்தரவுக்குக் காத்திருந்தோம். வரவில்லை. புழு ஆராய்கிறவனெல்லாம், டப்பியில் இருப்பது யாருடையது என்று முதலில் விசாரிக்கணும் என்பதற்கு எங்கள் டாக்டரின் திருத்தத்தைத்தான் எடுத்துச் சொன்னானாம். பெரிய ஆபீசு அதையும் கணக்கில் சேர்த்தது. "தப்புன்னு ஒத்துக்கிட்டதுக்குமா மார்க்கு?" என்று கேட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார்.

"அதுக்குத்தான்யா அதிகம். நல்லா எழுதின மத்ததையெல்லாம் ஒருத்தனும் படிக்கலை."

அக்காவின் யோசனை

பிரிவு பிழைத்ததால் மறுபடி டப்பிகளைத் தூக்கிக்கொண்டு அதே லயத்துக்குப் போனேன். அங்கே மருந்து கொடுத்தால் புழு போகும். வெளிக்குப் போகிற அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் திரும்ப வரும். அக்காவிடம், "ஒன் டப்பியப் பத்தித்தான் வெளிநாட்டு டாக்டருங்க எல்லாம் எழுதுறாங்க," என்றேன். அவள் இடுப்பில் இருந்த பிள்ளையை மாற்றி வைத்துக்கொண்டாள்.

"அம்புட்டு பேரும் எழுதுறாங்களா? அப்ப அதுல ஒருத்தரையாச்சும் லயத்துக்கு ஒரு நல்ல கக்கூசு கட்டச் சொல்லு தம்பி, அவங்கவங்க டப்பிய அவங்கவங்களே நெரப்புவாங்க."

எண்பதுகளில் நான் வேலையை விட்டு நிற்கும்வரை எங்கள் பிரிவை யாரும் மூடவில்லை, அந்த லயத்துக் கக்கூசுக்குக் கதவையும் யாரும் போடவில்லை.