கரிக்கோடு

பினாங்கு வீட்டை விற்றுவிட்டு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறத் துடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் வந்தார். துறைமுகத்தில் சரக்குப் படகு ஓட்டுபவர். வெயிலில் கறுத்த அகலமான தோள், மடித்துக் கட்டிய கைலி. வீடு வாங்க வந்தவர் அறைகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, கடலுக்குப் போகும் சாக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடல் பொங்குனா தண்ணி எதுவரைக்கும் ஏறும், தம்பி?"

புதிதாக வெள்ளையடித்த சுவரில் சாய்ந்துகொண்டு, "இங்க ஏறவே ஏறாது, அண்ணே," என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனார். அதன்பின் ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும், கடல் பொங்கும் நேரம் பார்த்து வருவார். தண்ணீர் தொட்ட படியில் கரித்துண்டால் ஒரு கோடு கிழிப்பார். வாங்குகிறேன் என்றும் சொல்லமாட்டார், வேண்டாம் என்றும் சொல்லமாட்டார். வீட்டைக் கேட்டு வேறு ஆளும் வரவில்லை. ஏழு மாதம்! கட்டிவைத்த பெட்டிகளில் கரப்பான் குடியேறிவிட்டது. அவர் தலையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐப்பசி அமாவாசையில் தண்ணீர் படிகளைத் தாண்டிக் கூடத்துக்குள் கணுக்கால் அளவு நின்றது. தொலைந்தது, இனி இந்த ஆள் வரமாட்டார் என்று நினைத்தேன். அவரோ கூடத்துச் சுவரில் கடைசிக் கோட்டைக் கிழித்துவிட்டு, "இவ்வளவுதானே. வாங்கிக்கிறேன்," என்றார்.

"இதுக்கா இத்தனை மாசம் இழுத்தடிச்சீங்க?" என்று கத்திவிட்டேன்.

அவர் குனிந்து, கோட்டின் மேலேயே சுவரை நகத்தால் சுரண்டினார். நான் அடித்திருந்த சுண்ணாம்பு உதிர்ந்து, பழைய தண்ணீர்க் கறை தெரிந்தது. கோபமே இல்லாமல் சொன்னார்:

"நீங்க சொல்லியிருந்தா அன்னைக்கே முடிச்சிருப்பேன்லா, தம்பி."