துரை நம்பிய பட்டாணி

தங்கவயலுக்கு மின்விளக்கு வராத நாட்களில், ஒரு சுரங்கத்தின் சோதனைச்சாலையில் எனக்கு வேலை. பாறைத்தூளில் எவ்வளவு தங்கம், கரைசலில் செம்பு உண்டா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பார்ப்பது நான், சொல்வது என் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை. செம்பைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையல்ல. தெளிந்த கரைசலில் அம்மோனியாவை விட்டால், செம்பு இருந்தால் நீலமாகிவிடும்.

ஒரு சமயம் துரைக்கு ஒரு வாரமாக வயிற்றுவலி. குற்றவாளியைப் படுக்கையிலிருந்தே பிடித்துவிட்டார்: அவருடைய சமையல்காரர். ஈயம் பூசாத செப்புப் பாத்திரத்தில் சூப் வைத்துக் களிம்பேற்றுகிறாராம். அதை நிரூபிக்கும் சில்லறை வேலையை மட்டும் பெருந்தன்மையோடு எனக்கு விட்டார்.

சமையல்காரர் சூப்போடு வந்தார். "போன வாரம்தான் ஈயம் பூசனேன் அண்ணே. நல்லா பாத்து சொல்லுங்க. வேலை போச்சின்னா குடும்பத்தோட வேலூருக்கு நடக்கணும்."

"சூப்பு மட்டும் பத்தாது. தொரை துன்றது எல்லாத்துலயும் கொஞ்சம் கொண்டாங்க" என்றேன்.

கொண்டுவந்தவற்றில் சீமைப் பட்டாணிப் பாட்டிலும் இருந்தது. பக்கத்து ஊரான பேத்தமங்களாவின் காய்கறியைத் தொட்டால் காலரா வரும் என்பது துரையின் கொள்கை. மாதக்கணக்கில் கப்பலில் உருண்டு வந்ததைத்தான் நம்புவார். செடியில் இருந்தபோதுகூட அது அவ்வளவு பச்சையாக இருந்திருக்காது.

ஒவ்வொன்றையும் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, அம்மோனியா விட்டேன். சூப் தண்ணீர்போலவே நின்றது. பட்டாணி பளிச்சென்று நீலமானது.

"இன்னா அண்ணே இது, மயில் கழுத்தாட்டம் கீது?"

"பச்சை போவாம இருக்க துருசு போட்டிருக்காங்க. அதுவும் செம்புதான்."

"சீமையிலயா?"

"சீமையிலதான்."

"அப்ப என் பாத்திரம்?"

"அது சுத்தம்."

சூப், பட்டாணி இரண்டின் கண்ணாடிக் குழாய்களையும் துரையிடம் காட்டினேன். சன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்துவிட்டு, அம்மோனியா கெட்டுவிட்டது என்றார். சுரங்கத்துக் கரைசலுக்கு அன்று காலைவரை கெடாத அம்மோனியா. புதுப் புட்டி உடைத்து மறுபடி பார்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அறிவியலை அதற்குமேல் சிரமப்படுத்த அவருக்கு மனமில்லை.

மறுநாளிலிருந்து, துரையின் உத்தரவுப்படி, பட்டாணி மேசைக்கு வரவில்லை. நாலு நாளில் வலி நின்றது. பெருமை அவர் மருந்தென்று குடித்த பிராந்திக்குப் போயிற்று. சமையல்காரரிடம், இனியாவது பாத்திரத்தில் கவனம் வேண்டும் என்று மன்னித்து அனுப்பினார்.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டு, விசுவாசத்தைப் பாராட்டி ஆளுக்கொரு பாட்டில் பட்டாணி பரிசளித்தார். இருவரும் கும்பிட்டு வாங்கிக்கொண்டோம்.

கோரமண்டல் சுரங்கத்துக்குப் போகும் பாதையில் திரும்பியதும் சமையல்காரர் ஒரு பள்ளம் தோண்டி இரண்டையும் கொட்டினார். மண்ணைத் தள்ளிக் காலால் நன்றாக மிதித்தார்.

"ஆடு மாடு வாய வெச்சிடப் போவுது அண்ணே" என்றார்.