இலஞ்சி விலக்கில் நின்ற தாய்மாமன்

என் கொழுந்தன் பேர் கடற்கரை. அவருக்கு வாக்கப்பட்டு வந்தவள் உலகம்மை. அவளுக்குக் கூடப்பிறந்தது ஒரே அண்ணன், குத்தாலிங்கம். ஓரகத்தியின் அண்ணன் என்றால் எனக்கும் உடன்பிறந்தான் முறை. வயதில் என்னைவிட இளையவன் ஆனதால் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிட்டால் திரும்ப மாட்டான், முகத்தைப் பார்த்துப் பேச மாட்டான். ஆனால் நாம் சொன்னது ஒன்று விடாமல் அவன் காதில் விழுந்திருக்கும். ‘நாளைக்கு வாரேன்’ என்று பேச்சுக்குச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டே, அவர்களை மறுநாள் வாசலில் உட்கார்ந்து எதிர்பார்ப்பான்.

இப்போது பிள்ளைகள் இப்படி இருந்தால் டாக்டர்மார் அதற்கு ஒரு பேர் சொல்லுகிறார்களாம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ‘கிறுக்கன்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

எழுபத்து மூன்றாம் வருடம் ஆவணியில் இலத்தூரில் உலகம்மை கல்யாணம். பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளைக்குக் கால் கழுவி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வரவேண்டும். குத்தாலிங்கம் கால் கழுவினான். கையையும் பிடித்துவிட்டான். அந்நேரம் பார்த்துத் தவில்காரர் இரண்டு பேரும் ஒருசேர அடித்தார்கள். செம்பைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு ஓடினவன், வைக்கோல் படப்புக்குள் தலையை நுழைத்துக்கொண்டான். மாப்பிள்ளை பாதி வழியில் ஒற்றையாய் நின்றார். பந்தலே சிரித்தது. என் மாமியார் பார்வதியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

உலகம்மையின் அம்மாவுக்குப் பின் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு, கடற்கரைதான் மைத்துனனைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் முகம்மது மீரான் ஓட்டலில் விட்டார். மீரான் பாய்க்கு அருவிக்குப் போகிற பாதையில் கடை. சாரல் காலத்தில் கால் வைக்க இடம் இருக்காது. பாய் இவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பின்கட்டில் ஒரு சின்ன அறையைக் காட்டினார். “இந்தா, இதுல இரு. இலை நறுக்கு. ஒன்னைய ஒரு பய தொடமாட்டான்” என்றார்.

வாழையிலைக் கட்டுகள் காலையில் வந்து இறங்கும். நுனியிலையைச் சாப்பாட்டுக்குத் தனியே எடுத்து, மிச்சத்தைப் பரோட்டாவுக்கு ஏடாக நறுக்கி, ஈரத்துணியால் துடைத்து அடுக்க வேண்டும். அந்த அறையில் உட்கார்ந்தால் அவன் முகமே மாறிவிடும். கிழிந்த இலை ஒன்றுகூட வெளியே போகாது.

இலை போடும்போது நுனி, சாப்பிடுகிறவருக்கு இடது கைப்பக்கம் இருக்க வேண்டும். அது எங்கள் வீட்டு வழக்கம். பாய் கடைப் பையன்களுக்கு அதெல்லாம் ஏது? ஒருநாள் மதுரைக்காரர் ஒருவருக்கு இலையைத் திருப்பிப் போட்டுச் சோற்றையும் வைத்துவிட்டார்கள். குத்தாலிங்கம் உள்ளேயிருந்து வந்தான். அவர் கையை நீட்டும்போதே சோறோடு இலையைப் பிடித்துத் திருப்பி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டான். மதுரைக்காரர் குதித்தார்.

“கோவப்படாதீய சார்” என்றார் பாய். “இந்தக் கடைக்கு மொதலாளி அவன்தான். நான் கல்லாவுல உக்காந்திருக்கேன், அவ்வளவுதான்.”

அன்றுமுதல் இலை போடுகிறவர்கள் எல்லாரும் நுனியைப் பார்த்துப் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுக்கு வருவான். உலகம்மை சோறு போடுவாள். அவளுக்குப் பையன் பிறந்ததும், தூளிக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அது ஆடுவதையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் உலகம்மைதான் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “இவனுக்கு ஒன் மடியிலதான் காது குத்தணும், பாத்துக்கோ. நீதான தாய்மாமன்.” அவன் சாப்பிட்ட இலையை மடித்து எடுத்துக்கொண்டு போனான்.

எழுபத்தேழில் ஆனி மாதத்துக்கு நாள் குறித்தார்கள். மொட்டையும் காதுகுத்தும் சாஸ்தா கோயிலில். பார்வதியம்மாள் பேச்சைத் தொடங்கினாள்.

“ஒங்க அண்ணன் மடியில வச்சு, மேளத்தக் கேட்டு அவன் பிள்ளையக் கீழ போட்டுட்டு ஓடுனாம்னா? நாலு பேரு என்ன சொல்லுவா? மாமனப் போலதான் மருமவன் வருவாம்பா. மாடன் இருக்காம்லா, ஒனக்குச் சித்தப்பா மவன். அவன் மடியில வையி.”

“அண்ணனுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவான் அத்தை.”

“அவனுக்கு என்னட்டி வருத்தம்? வருத்தம் தெரிஞ்சா அவன் ஏன் அப்படி இருக்கான்?”

உலகம்மை எதிர்த்துப் பேசவில்லை. அவளுக்கும் பயம். பிள்ளை பேச்சில் கொஞ்சம் பிந்தியிருந்தான். அந்தப் பயத்தை வெளியே சொல்லாமல் வைத்திருந்தாள்.

வரவேண்டாம் என்று அண்ணனிடம் சொன்னாலும் வராமல் இருக்க மாட்டான். குத்தாலிங்கத்துக்கு நாள் தெரியும், சாஸ்தா கோயிலுக்கு வழியும் தெரியும். அதனால் உலகம்மையே ஓட்டலுக்குப் போனாள். “காலையில இலஞ்சி வெலக்குல, ரோடு பிரியுத எடத்துல நில்லுண்ணே. நாங்க வேன்ல வந்து ஒன்னைய ஏத்திக்கிடுதோம்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வேன் இலஞ்சிப் பக்கமே போகவில்லை. பாதி வழியில்தான் நான் கவனித்தேன்.

“ஏட்டி உலகம்மை, குத்தாலிங்கம் எங்க?”

“அவன் வரல்லக்கா” என்றாள். பிள்ளையின் தலைமுடியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

கோயிலில் ஆசாரி ஊசியை எடுக்கவும் பிள்ளை அலறினான். மாடன் மடியில் கொள்ளவில்லை. எட்டி உதைத்தான். “ஏலே, ஒன் மாமன் வேட்டிய அவுத்திராதலே!” என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். மேளம் முழங்கியது. உலகம்மை பிள்ளையைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தியில் உட்கார்ந்தும் சாப்பிடவில்லை. பிள்ளை அழுகிறான் என்று எழுந்துவிட்டாள். பிள்ளை தூங்கிக்கொண்டுதான் இருந்தான்.

வீடு திரும்பிப் பாத்திரங்களை இறக்கி வைக்கும்போது மீரான் பாய் சைக்கிளில் வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“உலகம்மா, ஒங்க அண்ணன் வெலக்குல நிக்கான். காலையில கடைய விட்டுக் கெளம்புனவன். நான் கூப்ட்டா வரமாட்டேங்கான். நீ வாரேன்னு சொன்னியாம்லா?”

உலகம்மை ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அப்படியே கிளம்பினாள். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு நானும் கூடப் போனேன். பாய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். சத்தம் போட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

“ரெண்டு மாசமா அவன் செஞ்ச கூத்து ஒனக்குத் தெரியாது தாயி. இலைக்கட்டத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு அசையாம உக்காந்து பழகுதான். காதுல பஞ்சு வச்சுக்கிட்டு, பயலுவள விட்டு அண்டா மூடியத் தட்டச் சொல்லுதான். மொதநாளு எந்திச்சு ஓடுனான். பொறவு கொஞ்சங்கொஞ்சமா இருந்து பழகிட்டான். போன வாரம் பயலுவ கை வலிச்சு நிப்பாட்டுனானுவ, இவன் அசையல்ல.”

உலகம்மை ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான்தான் கையைப் பிடித்துத் தூக்கினேன்.

விலக்கில் மரத்தடியில் குத்தாலிங்கம் நின்றான். புதுவேட்டி முழங்கால் வரை சேறு. இரண்டு காதிலும் பஞ்சு. கையில் ஒரு தாம்பாளம், அதில் பழம், தேங்காய், பிள்ளைக்குச் சட்டைத்துணி. சாரல் படாமல் நல்ல நுனியிலையாக மூடிக் கட்டியிருந்தான். எங்களைப் பார்த்ததும் பஞ்சை எடுத்தான்.

“பிள்ள எங்க?”

“முடிஞ்சிட்டுண்ணே.”

“எங்க முடிஞ்சிது?”

“கோயில்ல.”

“நீ இங்கன வாரேன்னு சொன்ன.”

“ஆமாண்ணே. சொன்னேன்.”

“யாரு மடியில?”

“மாடன் மடியில.”

“மாடன் மாமன்தான். நானும் மாமன்தான். நான் நின்னேன்” என்றான். கோபம் இல்லை, அழுகை இல்லை. தாம்பாளத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுக் குற்றாலம் பக்கமாக நடந்தான். உலகம்மை ‘அண்ணே, அண்ணே’ என்று பின்னாலேயே போனாள். பாய்தான் தடுத்தார்: “இன்னிக்கு விடு தாயி. களைச்சுப் போயிருக்கான்.”

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. உலகம்மை போய்க் கேட்டாள்.

“ஏண்ணே சாப்பிட வரல்ல?”

“நீ வரச் சொல்லுத. அங்க நீ இருப்பியான்னு எனக்குத் தெரியல.”

அவனுக்கு அது குத்திக்காட்டுகிற பேச்சு இல்லை. மழை பெய்யுமா என்று தெரியவில்லை என்பதுபோலத்தான் சொன்னான். உலகம்மைக்கு அதுதான் தாங்கவில்லை. அவன் திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பாள். அன்றைக்கு இலை அறையிலேயே உட்கார்ந்து, அவன் வேலை முடியும்வரை இருந்து, கூடவே நடந்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அவள் கூட வந்தால்தான் வந்தான். அதன்பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் இதே கதைதான்.

எண்பத்தொன்றில் பெண்பிள்ளை பிறந்தது. காதுகுத்துப் பேச்சு வந்தபோது உலகம்மை மாமியார் முன்னால் நின்று, “என் அண்ணன் மடியிலதான். மேளம் வேண்டாம்” என்றாள்.

“மேளம் இல்லாமக் காதுகுத்தா? எழவு வீடாட்டி இது?”

“அப்படியே இருக்கட்டும் அத்தை.”

பார்வதியம்மாள் வரவில்லை. கோயிலுக்கு நாங்கள் கொஞ்சம் பேர்தான் போனோம். குத்தாலிங்கத்தை உலகம்மை கையோடு கூட்டி வந்திருந்தாள். பஞ்சு வைத்துக்கொள் என்று அவளே நீட்டினாள். “மேளம் இல்லேல்லா” என்று அவன் வாங்கவில்லை. பிள்ளையை மடியில் வாங்கி, இலைக்கட்டைப் பிடிப்பதுபோல அடியில் ஒரு கை, முதுகில் ஒரு கை கொடுத்து உட்கார்ந்தான். ஆசாரி ஊசியை ஏற்றும்போது பிள்ளை வீறிட்டது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஆனால் பிடி தளரவில்லை.

முடிந்ததும் மூத்தவனைப் பக்கத்தில் கூப்பிட்டான். அவன் காதுமடலை விரலால் தடவிப் பார்த்தான். ஆண்பிள்ளைதானே, தோடு போடாமல் ஓட்டை என்றைக்கோ தூர்ந்துவிட்டது.

“உலகா, இவனுக்கு எப்பக் குத்தணும்?”

“அவனுக்குக் குத்தியாச்சுண்ணே” என்றாள் உலகம்மை.

“சரி” என்றான். அவ்வளவுதான். பிள்ளையைக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனான்.

இனி அவன் பழையபடி வந்து போவான் என்று நாங்கள் நினைத்தோம். அந்த வெள்ளிக்கிழமை உலகம்மை இலையைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். அவன் வரவில்லை. பஸ் ஏறிப் போய்க் கூட்டி வந்தாள்.

அவளுக்கு மூட்டுவலி வந்து பஸ் படி ஏற முடியாமல் கஷ்டப்பட்ட காலத்தில் ஒருநாள் நான் கேட்டேன்: “யாரையாவது அனுப்பலாம்லாட்டி? மூத்தவன அனுப்பு. அவன்கூட வருவாம்லா?”

“வருவான்க்கா. யார அனுப்புனாலும் நம்பி வருவான். நான் சொன்னாத்தான் வரமாட்டான், பொய் சொன்னவ நான்லா” என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டே. “அதுக்குத்தான் நானே போறேன்.”