பழவேற்காட்டுக்குக் கட்டிய மூட்டை

தை அமாவாசை, சனிக்கிழமை. விடியற்காலையில் திருநின்றவூர் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றபோது என்னோடு இருந்தவை இவை: ஒரு ஹோல்டால், ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு மடக்கு நாற்காலி, ஒரு டிரான்சிஸ்டர், தண்ணீர் நிரப்பிய பித்தளைக் கூஜா இரண்டு, பம்ப் ஸ்டவ், நான்கு லிட்டர் மண்ணெண்ணெய் டின், என் வீட்டுக்காரர். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விடக் கனம்.

எழுபத்து மூன்றாம் வருஷம். பழவேற்காட்டுக் கடற்கரையில் இரண்டு நாள் ஓய்வு எடுக்கப் புறப்பட்டிருந்தோம். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் கோயில், கல்யாணம், சாவு இந்த மூன்றையும் விட்டால் நாங்கள் வேறெதற்கும் வீட்டைப் பூட்டியதில்லை. அதனால் கடலுக்குப் போகலாம் என்று அவர் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு புடவை, ஒரு துண்டு, மஞ்சள் பை ஒன்று. என் கணக்கு அவ்வளவுதான். அவரோ ஏதோ ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில், கடற்கரையில் நிம்மதியாக இருக்க என்னென்ன வேண்டும் என்று படித்துவிட்டு, அதை ஆபீஸ் டைப்பிஸ்டிடம் கொடுத்து இரண்டு பக்கத்துக்கு அடித்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நிம்மதிக்கு இத்தனை சாமான் வேண்டும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

சென்ட்ரலில் இறங்கி, கும்மிடிப்பூண்டி பாசஞ்சருக்கு மாறினோம். எங்கள் மூட்டைகள் இரண்டு பெஞ்சை அடைத்துக்கொண்டன. எதிரே நின்றபடி வந்தவர் காக்கிச் சட்டை போட்டவர், எண்ணூர்ப் பக்கம் வேலை. கும்மிடிப்பூண்டியில் பெரிய பெரிய கம்பெனிகள் வரப்போவதாகவும், வந்தால் ஊரோடு போய்விடப் போவதாகவும் பேசிக்கொண்டே வந்தவர், எங்கள் சாமானை மேலும் கீழும் பார்த்து, “ஊடு மாத்திகினு போறீங்களா?” என்று கேட்டார். இரண்டு நாளைக்குப் பழவேற்காடு போகிறோம் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான் என்று தோளைப் பார்த்தே தெரிந்தது.

பொன்னேரியில் இறங்கியபோது எட்டரை மணி. அங்கிருந்து பழவேற்காடு பதினெட்டு கிலோமீட்டர், பஸ்ஸில் ஆளுக்கு எழுபது காசு. மண்ணெண்ணெயை பஸ்ஸில் ஏற்றக்கூடாது என்று கண்டக்டர் சொன்னார். நியாயமான பேச்சு. என் வீட்டுக்காரர் தன் உத்தியோகம் என்ன, எந்த ஆபீஸ், தனக்குக் கீழே எத்தனை பேர் என்பதையெல்லாம் சொல்லி முடித்தபோது கண்டக்டருக்கு அலுத்துவிட்டது. டின்னை மேலே போட்டுக் கட்டச் சொல்லிவிட்டார். ரோடு என்று பேர், வழியெல்லாம் பள்ளம். பழவேற்காட்டில் டின்னை இறக்கியபோது அதற்கு மூடி இல்லை. எங்கே தெறித்து விழுந்ததோ. அவர் தன் கைக்குட்டையைச் சுருட்டி டின்னின் வாயில் திணித்தார். அடைத்தாயிற்று என்று கையைத் தட்டிக்கொண்டார்.

ஏரிக்கரையில் ஏழுமலை படகோடு காத்திருந்தார். என் வீட்டுக்காரருடைய ஆபீஸ் பியூனின் தங்கை புருஷன். அக்கரையில் கடலோரக் குப்பத்தில் அவர் வீட்டில்தான் நாங்கள் தங்குவதாக ஏற்பாடு. ஏற்பாடு என்றால், ஐயா வருகிறார், பார்த்துக்கொள் என்று பியூன் சொல்லியனுப்பியது. ஐயா வருகிறார் என்றால் அந்த வீட்டில் யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? அதுவும் அந்த சனிக்கிழமை.

அந்த சனிக்கிழமையின் விசேஷத்தை ஏழுமலை துடுப்புப் போட்டபடியே சொன்னார். ஏரியும் கடலும் கலக்கும் முகத்துவாரத்தில் வலை கட்டுவதற்கு இடமுண்டு. அந்த இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் வலை போட முடியாது. குப்பத்தில் குடும்பத்துக்கு ஒரு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். தன் பாடு முடிந்தால் குப்பம் முழுக்கச் சுற்றி வந்த பிறகுதான் மறுபடி. அமாவாசையன்று ஏரித் தண்ணீர் கடலுக்கு வற்றும்போது இறால் திரள் திரளாக முகத்துவாரத்துக்கு இறங்கும். அமாவாசையும் தன் பாடும் ஒன்றாக வாய்ப்பது லேசில் நடக்காது. சில வருஷம் ஒரு தடவைகூட வராது.

“இன்னிக்கி எங்க பாடு சார். பொயுது சாயறதுக்குள்ள உங்கள ஊட்ல உட்டுட்டு நேரா போவணும். மார்கழி காத்துல கூரை பூட்ச்சி. இன்னிக்கி படுறத வெச்சிதான் ஓலை வாங்கணும்,” என்றார் ஏழுமலை. நேராகப் போக வேண்டும் என்பதால் வலையைப் படகிலேயே மடித்து வைத்திருந்தார். பட்டைச் சாயம் போட்டுக் காயவைத்த பருத்தி வலை, நல்ல காவி நிறம். நாங்கள் ஏறும்போதே வலைமேல் எதுவும் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

ஏரி அழகாகத்தான் இருந்தது. தூரத்தில் பூநாரைகள் வெள்ளைக் கோடு போட்டதுபோல் வரிசையாக நின்றன. தண்ணீர் முழங்கால் ஆழம்கூட இல்லாத இடத்தில் ஏழுமலை இறங்கிப் படகைத் தள்ளினார். அப்போது டின் உருண்டது. என் வீட்டுக்காரர் அதை நிமிர்த்தி, மெத்தென்று ஓர் இடம் தேடி, வலைக்குள் புதைத்து வைத்தார். வேண்டாங்க, சொன்னாரே என்றேன். “நூல்தானே, உடைஞ்சா போயிடும்?” என்றார். ஏழுமலை முன்பக்கம் குனிந்து தள்ளிக்கொண்டிருந்தார். நான் அந்த டின்னை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளப் போனேன். படகு ஆடுகிறது, சும்மா உட்கார் என்று என் வீட்டுக்காரர் அதட்டினார். உட்கார்ந்தேன்.

கரை சேர்ந்து டின்னைத் தூக்கியபோது அது லேசாக இருந்தது. கைக்குட்டை நனைந்து வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. வலையின் நடுப்பாகம் முழுக்க மண்ணெண்ணெய்.

ஏழுமலை கத்துவார் என்று பயந்தேன். அவர் வலையை ஒரு கையால் எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரின் ஹோல்டாலைத் தோளில் போட்டுக்கொண்டு குப்பத்துக்கு நடந்தார். அதைத் தாங்குவது எனக்குத் திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவர் மனைவி பச்சையம்மா சமைத்துவைத்துக் காத்திருந்தாள். விஷயம் தெரிந்ததும் சாப்பாட்டை எங்கள் முன்னால் வைத்துவிட்டு, வலையை இழுத்துக்கொண்டு மணல்மேட்டுக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன். தண்ணீரிலிருந்து வெகுதூரம் தள்ளி ஒரு குழி தோண்டி, ஏரித் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து வந்து, சாம்பலும் மணலும் போட்டு வலையைக் கசக்கினாள். ஏரியிலேயே அலசலாமே என்று கேட்டேன். அலசின தண்ணீர் ஏரிக்குள் போகக்கூடாதாம், அது எல்லாருக்கும் சோறு என்றாள். நானும் இரண்டு குடம் சுமந்தேன். வாடை போகவில்லை.

மாலை நாலு மணிக்குக் குப்பத்து ஆண்கள் ஐந்தாறு பேர் வந்து வலையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஏழுமலை இதே வலையைக் கட்டிப் பார்க்கிறேன் என்றார். முழு இடத்துக்கும் காணும்படி இன்னொரு வலை அவரிடம் இல்லை. இரவல் கேட்கவும் வழியில்லை, மற்றவர்களுடையவை எல்லாம் ஏரியில் கிடந்தன. மறுநாள் பாடுக்காரர் ஒரு வயசானவர். அவர் வலையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கோபமில்லாமல் சொன்னார்.

“வேணாம் நைனா. இத்த எறக்குனா எறா அந்தப் பக்கமே வராது. நாளைக்கி என்னுது, அதுக்கப்புறம் மத்தவங்க. எல்லார் வயித்துலயும் அடிக்கக் கூடாது.”

ஏழுமலை தலையாட்டினார். அங்கே பேச்சு முடிந்தது. என் வீட்டுக்காரர் அப்போதுதான் தூங்கி எழுந்து வந்தார். விவரம் கேட்டுவிட்டு, இன்றைக்கு முடியாவிட்டால் நாளைக்கு மாற்றிக்கொள்வதுதானே என்றார். ஆபீஸில் லீவை மாற்றிப் போடுவார்களே, அப்படி.

“பாடு மாறாது சார்,” என்றார் ஏழுமலை.

அன்று பொழுது சாயும் நேரத்தில் முகத்துவாரம் காலியாகக் கிடந்தது. யாருக்கு முறையோ அவர் கட்டவில்லை என்றால் வேறொருவர் போய்க் கட்டுவதும் வழக்கமில்லையாம். அவ்வளவு இறாலும் யாருக்கும் இல்லாமல் கடலுக்குப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை. ஓய்வு. என் வீட்டுக்காரர் மடக்கு நாற்காலியில் அமர்ந்து டிரான்சிஸ்டரை முடுக்கினார். உப்புக்காற்றில் அது கரகரவென்று எதையோ அரைத்தது. ராத்திரி கூரை ஓட்டை வழியாக நட்சத்திரம் தெரிந்ததையும், பனி இறங்கித் தும்மல் வந்ததையும் இரண்டு தடவை சொன்னார். ஒட்டுப்போட்ட அந்தக் கூரைக்குக் கீழே நல்ல மூலையை எங்களுக்கு விட்டுவிட்டு அவர்கள் இருவரும் வெளியே படகோரம் படுத்திருந்தார்கள். அதை நான் சொன்னேன். டிரான்சிஸ்டரின் சத்தத்தைக் கூட்டினார். சாமான்களைச் சுற்றியிருந்த பாலிதீன் காகிதங்களைப் பிரித்துப் போட்டிருந்தார். அவை காற்றில் பறந்து ஏரிப் பக்கம் போயின. நான் துரத்தித் துரத்திப் பொறுக்கினேன். என் கடற்கரை உலாவல் அதுதான்.

பழவேற்காடு போக எண்ணுகிறவர்கள் என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று என்னைக் கேட்பதுண்டு. குடிதண்ணீர் வேண்டாம். மணலில் கை ஆழம் தோண்டினால் ஊற்று வருகிறது, எங்கள் கூஜாத் தண்ணீரைவிட இனிப்பு. அடுப்பும் வேண்டாம். சவுக்குச் சருகும் பனமட்டையும் காலடியில் கிடக்கின்றன, பச்சையம்மா எங்களுக்கு நான்கு வேளை அதில்தான் சமைத்தாள். அந்த ஸ்டவ்வை நாங்கள் டிரங்குப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. மாற்றுத் துணி, துண்டு போதும். போன இடத்தில் ஒருவர் ‘இதன்மேல் வைக்காதீர்கள்’ என்று சொன்னால் கேட்டுக்கொள்ளும் காது ஒன்று வேண்டும். அது எங்கள் இரண்டு பக்கப் பட்டியலில் இல்லை.

சாயங்காலம் புறப்பட்டோம். கூரைக்கு ஏதாவது செய்துவிட்டு வரலாம் என்று தனியாகக் கூப்பிட்டு அவரிடம் சொன்னேன். எல்லாம் பியூனிடம் ஆபீஸில் பேசிக்கொள்கிறேன் என்றார். கையில் காசில்லாதவள் நான், அவர் பேசிக்கொள்ளவில்லை என்பதைப் பிற்பாடு தெரிந்துகொள்வதைத் தவிர என்னால் வேறொன்றும் ஆகவில்லை.

ஏழுமலைதான் மறுபடி படகு தள்ளினார். ஏறும் நேரத்தில் பச்சையம்மா ஓலைப் பொட்டலம் ஒன்று கொண்டுவந்தாள். காயவைத்த இறால். வீட்டில் மிச்சமிருந்ததை எல்லாம் வழித்துக் கட்டியிருப்பாள் போலிருக்கிறது. விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் அந்தக் கரையில் இல்லை. என் வீட்டுக்காரர் மூக்கைச் சுளித்தார்.

“வேண்டாம்மா. பையெல்லாம் நாத்தம் பிடிச்சிடும்,” என்றார்.

பச்சையம்மா அவரைப் பார்க்கவில்லை. பொட்டலத்தை என் கையில் வைத்தாள்.

“எறா நாத்தம் ரெண்டு தொவையல்ல பூடும்மா,” என்றாள் என்னிடம். “கிருஷ்ணாயிலுதான் போவ மாட்டேங்குது.”

பொன்னேரியில் ஏறிய வண்டியில் கூட்டமில்லை. மீஞ்சூர் தாண்டியதும் அவர் சட்டைப் பையிலிருந்து அந்த டைப் அடித்த தாள்களை எடுத்தார். பேனாவைத் திறந்து கடைசிப் பக்கத்தின் அடியில் ஏதோ எழுதினார். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்த வீட்டுக்கு ஓலை எத்தனை கட்டு வேண்டும் என்று எழுதுகிறாரோ என்று நினைத்துவிட்டேன். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். அடுத்த மாதம் ஆபீஸில் இன்னொருவர் குடும்பத்தோடு அங்கே போகிறாராம், அவருக்கு உதவும் என்று சொல்லித் தாளை என் பக்கம் நீட்டினார்.

‘மண்ணெண்ணெய் டின்னுக்கு மூடி, உபரியாக ஒன்று’ என்று எழுதியிருந்தது.