வாசலில் கழற்றி வைத்த பூட்ஸ்

போன வருடம் பொங்கல் முடிந்த அடுத்த வாரம், மலையடிவாரத்துக் காரவள்ளியில் ஒரு சாமை மில்லில் நடந்தது இது. அன்று அங்கே இருந்தவர்கள் நான், என்னோடு பயிற்சி முடித்த நான்கு பெண்கள், எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சர், மில் மேனேஜர். வேறு யாரும் இல்லை. நாங்கள் போனபோது மெஷின்கூட ஓடவில்லை.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். மலைமேல் எங்கள் குண்டூர் நாட்டில் என்னைப் போலப் படிப்பை விட்ட பெண்களைச் சேர்த்து, சமுதாயக் கூடத்தில் வைத்து மெஷின் வேலை பழக்கினார்கள். சாமையில் கல் நீக்குவது, உமி நீக்குவது, எடை போடுவது, கூடவே கொஞ்சம் எழுதப் படிக்கவும். முடித்தவர்களை மில்லுக்கு வரவைத்து, ஒருநாள் வேலை பார்க்கச் சொல்லி, பிடித்தால் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. கிடைக்காவிட்டால் நான் வீட்டுக்காரரோடு குடகுக்குக் காபித் தோட்டத்துக்குப் போக வேண்டும். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளை விடுதியில் விட வேண்டும். அவளும் என்னைப் போல எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள்.

பஸ்ஸில் மலை இறங்கும்போது வளைவுக்கு ஒரு கவலை. எதையாவது படிக்கச் சொல்வார்களோ, கை நடுங்குமோ, பஸ்தான் நேரத்துக்குப் போகுமோ. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, என்னோடு பயிற்சி முடித்த அக்கா, "நீ பயப்படறதப் பாத்து பஸ்ஸே திரும்பி மேல ஏறிரும் போல இருக்குது கண்ணு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பயிற்சியில் கொடுத்த பூட்ஸைப் பையில் கொண்டுபோய் மில் வாசலில் போட்டுக்கொண்டோம். முன்பு அங்கே ஒருவர் காலில் மூட்டை வண்டி ஏறி விரல் நசுங்கிவிட்டதாம். பூட்ஸ் இல்லாமல் மெஷின் பக்கம் போகக்கூடாது என்று டீச்சர் தினமும் சொல்லியிருந்தார்.

உள்ளே ஒரு மூட்டை கிழிந்து, வாசலிலிருந்து மெஷின்வரை சாமை கொட்டிக் கிடந்தது. எங்கள் பக்கம் தவசம் என்று சொல்லும் தானியத்தைச் செருப்புக் காலோடு யாரும் மிதிக்க மாட்டோம். களத்துக்குள் நுழையும்போதே செருப்பை வெளியே விட்டுவிடுவோம். ஒருத்தியும் இன்னொருத்தியிடம் சொல்லவில்லை. எல்லோரும் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போய்விட்டோம்.

பின்னால் வந்த மேனேஜர் வாசலையும் எங்கள் காலையும் மாறி மாறிப் பார்த்தார். டீச்சரிடம், இதைக்கூடக் கேட்காதவர்களை நம்பி எப்படி மெஷினில் விடுவது, அடுத்த பஸ்ஸில் அனுப்பிவிடுங்கள் என்றார். டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. என் மகள் விடுதி வாசலில் பெட்டியோடு நிற்பது கண்ணில் தெரிந்தது. அந்தப் பயத்தில்தான் வாயைத் திறந்தேன்.

"தவசம் கெடக்குதுங்க சார். கூட்டி அள்ளிட்டுப் பூட்ஸப் போட்டுக்கறமுங்க."

"நாளைக்கு மெஷின் ஓடும்போது கொட்டுனா? அப்பவும் கழட்டிட்டு நிப்பியா?"

"மெஷின நிறுத்திட்டுக் கூட்டுவனுங்க."

"நிறுத்துனா எனக்கு நஷ்டம்மா."

"நிறுத்தாட்டிக் காலுதானுங்க போகும்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். பின்னாலிருந்த அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். மேனேஜர் சுவரோரம் சாய்த்திருந்த விளக்குமாற்றைத் தானே எடுத்து என்னிடம் நீட்டினார். கூட்டினோம், அள்ளினோம், பூட்ஸைப் போட்டுக்கொண்டு சாயங்காலம்வரை வேலை பார்த்தோம். எடுத்துக்கொண்டேன் என்று அவர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மலை ஏறும்போது, அவரை எதிர்த்துப் பேசி மற்றவர்கள் வேலையையும் நான்தான் கெடுத்தேன் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

அந்த வாரக் கடைசியில் டீச்சர் போன் செய்தார், ஐந்து பேரும் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று. இப்போது அந்த மில்லில் தரையைக் கூட்டிய பிறகுதான் மெஷினை ஓட விடுகிறார்கள். உள்ளே போடும் பூட்ஸ் வெளியே மண்ணை மிதிப்பதில்லை, மில்லிலேயே இருக்கிறது.

பயம் என்னை விட்டுப் போய்விடவில்லை. ஆனால் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும்போது, அன்று வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் என்ற நினைப்பு வருகிறது பாருங்கள், அந்தப் பயத்துக்கு முன்னால் மற்றதெல்லாம் சின்னதாகிவிடுகிறது.