தெரியாது என்றால் ஒரு மதிப்பெண்

அந்த அலுவலகத்தில் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. "தெரியாது" என்கிற சொல்தான். வீட்டுச் சாமான்களைப் பழுதுபார்க்கும் நிறுவனத்தின் தொலைபேசிப் பிரிவு அது. காதில் ஹெட்போனை மாட்டி உட்கார்ந்துவிட்டால், எதிர்முனையில் யார் என்ன கேட்டாலும் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். ஒன்றுமே தோன்றாவிட்டால் இருக்கவே இருக்கிறது, பயிற்சியின் முதல் நாளே மனப்பாடம் செய்ய வைத்த வாக்கியம்: "இரண்டு வேலை நாட்களில் எங்கள் பிரதிநிதி தங்களைத் தொடர்புகொள்வார்." அதில் பொய் என்று விரல் வைக்க இடமில்லை. பிரதிநிதி தொடர்புகொள்ளத்தான் செய்வார். தொடர்புகொண்டு, இன்னும் இரண்டு வேலை நாட்கள் என்பார்.

ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளும் அந்த வாக்கியத்தை ஆயிரம் தடவை சொன்னவள்தான். ஒரு நாள் வாய் வரவில்லை. அன்று கூப்பிட்டது ஒரு வயதான அம்மாள். குளிர்சாதனப் பெட்டி நின்றுவிட்டது, கம்ப்ரெசர் மாற்ற வேண்டும், அது கப்பலில் வர வேண்டும். எப்போது வரும் என்று கிடங்குக்காரருக்கே தெரியாது.

"வீட்டுக்காரரோட ஊசி மருந்து உள்ள இருக்கும்மா. காத்திருக்கலாமா, இல்ல வேற எங்கயாவது கொண்டுபோய் வைக்கட்டுமா? உண்மையைச் சொல்லும்மா."

அவள் உண்மையைச் சொன்னாள். "எப்ப வரும்னு தெரியாதும்மா. இங்க யாருக்குமே தெரியாது. காத்திருக்காதீங்க. மருந்தைப் பக்கத்து வீட்ல வச்சிடுங்க."

எல்லா அழைப்பும் பதிவாகும் இடம் அது. இதுவும் பதிவானது. எப்படிப் பேசக் கூடாது என்பதற்கு உதாரணமாக மேலாளர் அதைப் பயிற்சி வகுப்பில் போட்டுக் காட்டினார். அன்றிலிருந்து அவளுக்குத் "தெரியாதக்கா" என்று பெயர் விழுந்தது. கேலிக்குத்தான் வைத்தார்கள். அவளோ அப்படிக் கூப்பிட்டால் "என்னப்பா?" என்று சாதாரணமாகத் திரும்பினாள். கேலி செய்தவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

ஒப்பந்த வேலையில் பல வருடம் ஓட்டியவள். வேலை நிரந்தரமாகும் முறை அந்த மாதம் அவளுக்கு வந்தது. மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்.

"உங்க பேரை நான்தான் எழுதிக் கொடுத்திருக்கேன். ஆனா அந்த போன் விஷயத்தை மேலிடம் மறக்கல. எல்லார் முன்னாடியும் அது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, முடிஞ்சிடும்."

"எப்ப சார்?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம். டீம் ஒத்துமைக்காக வினாடி வினா வைக்கிறோம் இல்லையா? அதை நீங்களே நடத்துங்க. மைக் உங்க கையிலதானே இருக்கும்? கடைசியில சொல்லிட்டு இறங்கிடுங்க. ஜாலியா இருக்கணும், அதான் முக்கியம்."

தலையில் குட்டு வாங்குவதற்கு மேடையும் அவளே போட வேண்டும், அதுவும் ஜாலியாக. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில் கணவர் லிப்ட் மெக்கானிக். நாளெல்லாம் இருட்டுக் கூண்டுக்குள் தொங்கி வேலை செய்துவிட்டு, முழங்கை வரை கிரீஸோடு வருபவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு மன்னிப்புதானே, கேட்டுட்டுப் போயேன். வருஷா வருஷம் வேலை இருக்குமா இருக்குமான்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்க வேண்டாம்ல?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளை மேலும் குடைந்தது.

அவள் வினாடி வினாவுக்கான கேள்விகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஆக்டோபசுக்கு எத்தனை இதயம்?"

"நாலு," என்றார் அவர், கையில் சோப்பு போட்டுக்கொண்டே.

"தெரியுமா?"

"யாருக்குத் தெரியும்? அடிச்சு விட வேண்டியதுதான். பட்டா பட்டுது."

அவள் பேனாவை வைத்துவிட்டாள். அப்பா நினைவு வந்தது. அவள் சிறுமியாக இருந்தபோது அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அம்மா எப்போது வருவாள் என்று கேட்கும்போதெல்லாம் அப்பா "நாளைக்கு" என்பார். அவள் தலை வாரி, நல்ல சட்டை போட்டு, வாசலில் போய் உட்காருவாள். விளக்கு போட்டதும் எழுந்து உள்ளே வருவாள். மறுநாளும் அப்படியே. ஒரு நாள் அம்மா நிஜமாகவே வந்து இறங்கியபோது, அவள் அழுக்குப் பாவாடையோடு உள்ளே படுத்திருந்தாள். தெரியாது என்று சொல்லியிருந்தால் அப்பாவுக்கு என்ன குறைந்து போயிருக்கும்? இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கோபம் ஆறவில்லை.

"இப்படி வச்சா என்ன?" என்றாள் கணவரிடம். "சரியான விடைக்கு ரெண்டு மார்க். தப்பா அடிச்சு விட்டா ரெண்டு மார்க் போச்சு. தெரியாதுன்னு எழுந்து நின்னு சத்தமா சொன்னா ஒரு மார்க்."

கணவர் துண்டால் கையைத் துடைத்தபடி அவளையே பார்த்தார். "வேலை போயிடும்டி," என்றார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், "கேள்வியைக் கொஞ்சம் கஷ்டமாவே வை," என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை கேன்டீனில் மேசைகளை ஓரம் தள்ளி, குழு குழுவாக நாற்காலி போட்டார்கள். விதியைக் கேட்டதும் மேலாளர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் ஜாலியாக இருக்கச் சொன்னவர் அவர்தானே? வாயை மூடிக்கொண்டு தன் குழுவோடு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

ஆக்டோபஸ் கேள்வி முதலில் "ரேடியோ"விடம் போனது. பக்கத்து நாற்காலிப் பையன்தான் ரேடியோ. குரல் அப்படி. அந்த 'இரண்டு வேலை நாட்கள்' வாக்கியத்தை அவனைப் போல இழைத்துச் சொல்ல பிரிவிலேயே ஆள் கிடையாது. எழுந்து, தொண்டையைச் செருமி, "ஒன்பது இதயங்கள்," என்றான். என்ன ஒரு கம்பீரம்! எதிர்க் குழுவே கை தட்டியது.

"மூணு. மைனஸ் ரெண்டு," என்றாள் தெரியாதக்கா.

அதன் பிறகு நடந்தது கூத்து. வருடக்கணக்காகப் பழகிய நாக்கு ஆயிற்றே, அந்தச் சொல் யாருக்கும் வெளியே வரவில்லை. தெரியாதென்று சொல்ல எழுந்தவர்கள்கூட, நின்றதும் ஏதோ ஒரு பதிலை உளறிவிட்டு அசடு வழிய உட்கார்ந்தார்கள். பலகையில் எல்லாக் குழுவும் பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பின்வரிசையில், போன வாரம் சேர்ந்து இன்னும் பயிற்சி முடியாத மூன்று பேர் மட்டும் ஒவ்வொரு கேள்விக்கும் துள்ளி எழுந்து "தெரியாது!" என்று கூவி, முதலிடத்தில் இருந்தார்கள். கடைசிச் சுற்றுக்குள் கேன்டீன் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

கடைசிக் கேள்வி மேலாளர் குழுவுக்கு. அவள் அவரைப் பார்த்தே கேட்டாள்.

"ஒரு வீட்ல குளிர்சாதனப் பெட்டி நின்னுடுச்சு. உள்ள ஊசி மருந்து. கம்ப்ரெசர் கப்பல்ல வருது. எப்ப வரும்?"

சிரிப்பு நின்றது. மேலாளர் எழுந்தார். அவரும் ஒரு காலத்தில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தவர்தான். எல்லார் கண்ணும் தன் மேல் இருப்பதைப் பார்த்ததும், வாய் தானாகத் திறந்தது.

"இரண்டு வேலை நாட்களில் எங்கள் பிரதிநிதி..."

மிச்சத்தைக் கேன்டீனே சேர்ந்து சொல்லி முடித்தது. கூரை அதிர்ந்தது. மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

"மைனஸ் ரெண்டு, சார்."

"விளையாட்டு போதும்," என்றார் அவர். "சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க."

அவள் மைக்கை வாயருகே கொண்டுபோனாள். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "அந்தம்மா கேட்டப்ப எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொன்னேன். கம்ப்ரெசர் இன்னைக்கு வரைக்கும் வரல. நான் அப்பப்ப அவங்களைக் கூப்பிட்டு, இன்னும் தெரியலம்மான்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். இது தப்புன்னு என்னால சொல்ல முடியாது." மைக்கை மேசையில் வைத்துவிட்டு இறங்கினாள்.

நிரந்தரமானவர்களின் பெயர்கள் ஒட்டப்பட்டபோது அவள் பெயர் அதில் இல்லை. இல்லை என்றதும் வலித்தது. கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஹெட்போனை மாட்டினாள்.

அப்போது பக்கத்து நாற்காலியிலிருந்து ரேடியோவின் குரல் கேட்டது. கம்பீரம் எதுவும் இல்லாத, தடுமாறும் குரல்.

"அது... தெரியாதும்மா. மெக்கானிக் எப்ப வருவார்னு எனக்குத் தெரியாது. லீவு போட்டுட்டு வீட்ல காத்திருக்காதீங்க."

ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவன் அவளைப் பார்த்தான். "திட்டப் போறாங்கன்னு நினைச்சேன்க்கா. நன்றின்னு சொல்லிட்டு வச்சிட்டாங்க."

மேலாளர் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தெரியாதக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"நாளைக்கு நீ அவங்களை மறுபடி கூப்பிடணும்டா," என்றாள், சத்தமாகவே. "இன்னும் தெரியலன்னா, அதையும் சொல்லணும்."