என்னை விலக்கிவைத்த நூருன்னிசா அவர்கள்

நூருன்னிசா அவர்கள் காலமான செய்தி, காத்தோங்கில் நான் பேருந்துக்குக் காத்திருந்த காலையில், எங்கள் மென்பொருள் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. ‘செல்வம் அண்ணன் அஞ்சலி எழுதுவாரா?’ என்று யாரோ கேட்டிருந்தார்கள். நானும் அவரும் ஆறு ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளவில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். எழுதுகிறேன். பொய்யாகப் புகழ மாட்டேன்.

தமிழ்ச் சொற்பிழை திருத்தும் மென்பொருள் ஒன்றை நான் தொடங்கினேன். அதன் நிரல் எல்லோருக்கும் திறந்திருந்தது. யாரும் திருத்தம் அனுப்பலாம். வங்கியொன்றில் மென்பொருள் சோதிப்பவராக இருந்த நூருன்னிசா, பிழை கண்டுபிடித்துத் தர வந்து சேர்ந்தார். ஒரு புள்ளி தவறினாலும் விட மாட்டார். எனக்கு அது எரிச்சலாகவே இருந்தது.

துவாஸ் தொழிலாளர் விடுதியிலிருந்து முருகேசன் என்ற வெல்டர், தாமே நிரல் எழுதக் கற்றுக்கொண்டு ஒரு திருத்தம் அனுப்பினார். அது தவறு. ‘வெல்டிங் வேலையை மட்டும் பாருங்கள்’ என்று எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதினேன். அதன்பின் அவர் எதுவும் அனுப்பவில்லை.

நூருன்னிசா போன் செய்தார். “புரோகிராம் கோடு தப்புன்னா கோடு தப்புன்னு சொல்லுங்க செல்வம். ஆளை எதுக்கு இழுக்கிறீங்க?”

அடுத்த மாதம் லிட்டில் இந்தியாவில், ஓர் உணவகத்தின் மாடியில் கூடினோம். ஒரு பக்கத்தில் நடத்தை விதிகள் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

“நான் கட்டின வீட்டுக்கு நீங்க பூட்டு போடுறீங்களா?” என்றேன்.

“பூட்டு இல்ல. வாசலுக்கு வர்றவங்கள அடிக்கக்கூடாதுன்னு எழுதியிருக்கு, அவ்வளவுதான் லா.”

விதிகள் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறின. விசாரணைக்கு மூவர், அவரே தலைவர். முதல் புகாரே என்மேல். மூன்று மாதம் விலக்கிவைத்தார்கள். கடிதத்தில் இருந்தது அவர் கையெழுத்து. விதி வருவதற்கு முன்பு எழுதிய வரிக்கு விதிப்படி தண்டனை! அது அநியாயம் என்று இன்றும் சொல்வேன். மூன்று மாதம் முடிந்தும் நான் வேலைக்குத் திரும்பவில்லை; வாட்ஸ்அப்பில் மட்டும் இருந்தேன். பதவி ஆசை பிடித்தவர், பழிவாங்கினார் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அவர் மறுத்ததே இல்லை. திமிர் என்று நினைத்தேன்.

செய்தி வந்த அன்றே பிற்பகல், சுவா சூ காங் இடுகாட்டில் நல்லடக்கம். ஏன் போனேன் என்று எனக்கே தெரியாது. முருகேசன் என்னருகே வந்தார்.

“அண்ணே, அன்னிக்கு என்னையும் விசாரணைக்குக் கூப்பிட்டப்ப பக்கத்து ரூம்ல உக்காந்திருந்தேன். ‘ரூல் வர்றதுக்கு முன்னாடி எழுதினதுக்குத் தண்டனை குடுக்கக்கூடாது’ன்னு அக்கா ரொம்ப நேரம் சண்டை போட்டாங்க. மத்த ரெண்டு பேரும் கேக்கல.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“உள்ள பேசினத வெளிய சொல்லக்கூடாதுன்னு அவங்கதானே எழுதினாங்க.”

எனக்கு வந்தது கோபம்தான். ஒரு வரி அனுப்பியிருந்தால் போதுமே. ஆறு ஆண்டுகள் என் வாயில் விழுந்துகொண்டு காப்பாற்ற அப்படி என்ன விதி?

வரிசையில் நின்று கபுர்க் குழியில் மூன்று பிடி மண் இட்டேன். குழுவினர் எல்லோரும் மரநிழலுக்குப் போய்விட்டார்கள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியதும் இல்லை. போய் வாருங்கள், நூருன்னிசா. நீங்கள் பேசாமல் இருந்ததை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க, உங்கள் முன்னால் நெடுநேரம் வெயிலில் நின்றேன்.